அமெரிக்க ரயில்வே கேஸ் கட்டு படிச்சவன், சென்னையில ரயில்வே பேனல் வக்கீலுக்கு ஜூனியரா போகலாமா?

ராத்திரி_ஷிப்ட்_தரமணி:

வணக்கம். இங்க கோர்ட்டுக்குப் போற ஆளுங்க சில பேர் இருக்கீங்க, அந்த தைரியத்துல கேக்குறேன்.

லா முடிச்ச கையோட தரமணியில ஒரு கம்பெனியில சேர்ந்துட்டேன். அமெரிக்காவுல ரயில்வே கம்பெனிகளுக்காக வாதாடுற ஒரு வக்கீல் ஆபீஸுக்குத்தான் எங்க டீம் வேலை செய்யுது. எஞ்சின் ஓட்டினவர், தண்டவாளத்துல வேலை பார்த்தவர், ஷெட் மெக்கானிக்னு பல பேர் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் நுரையீரல் புற்றுநோய், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால வர்ற நோய், முட்டித் தேய்மானம்னு கம்பெனி மேல வழக்குப் போடுவாங்க. அவங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டு மொத்தமும் எங்களுக்கு வரும். ஒரு ஆளுக்கே ஆயிரக்கணக்கான பக்கம். அதைப் படிச்சு தேதிவாரியா அட்டவணை போட்டுக் கொடுக்கணும்.

சிகரெட்னு எங்க வந்தாலும் மஞ்சள் அடிக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், எத்தனை வருஷம்னு. ரயில்வேக்கு முன்னாடி கடற்படையிலயோ கப்பல் கட்டுற இடத்துலயோ இருந்தாரா, வீட்ல யாருக்காவது புற்றுநோய் இருந்ததா, இதெல்லாம் பச்சை. "இது வேலையால வந்திருக்கலாம்"னு முதல் தடவை பேச்சு வந்த தேதிக்கு மட்டும் சிவப்பு.

போன மாசம் ஒரு ஃபைல்ல (விவரத்தை மாத்தித்தான் எழுதுறேன்) நர்ஸ் கிறுக்கின ஒரு வரி மாட்டுச்சு. ஷெட்டுல குடிச்ச புகைதான் காரணம்னு நோயாளி சொல்றாராம். அந்தத் தேதிக்கும் கேஸ் போட்ட தேதிக்கும் நடுவுல மூணு வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. மூணுக்குள்ள போட்டிருக்கணும். அங்கருந்து சபாஷ்னு மெயில் வந்துச்சு. டீம் லீட் எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணினார். எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

இப்ப எங்க ஏரியாவுல ஒரு சீனியர், ரயில்வே பேனல்ல, அதாவது ரயில்வேக்காக வாதாடுற வக்கீல் பட்டியல்ல இருக்கிறவர், ஜூனியரா வரியான்னு கேக்குறார். சம்பளம்னு சொல்ல முடியாது, பெட்ரோல் காசு. இங்க கத்துக்கிட்டது அங்க உதவுமா? இன்னொண்ணு எங்கம்மா கேட்டது. "ரயில்ல அடிபட்டு செத்தவன் பொண்டாட்டிக்கு எதிரா நின்னுதான் சம்பாதிக்கணுமாடா?" அம்மாவுக்கு என்ன சொல்றது?


டீக்கடை_பெஞ்ச்:

போ தம்பி. ராத்திரி முழுக்க முழிச்சு அமெரிக்காக்காரன் இருமலை எண்ணிட்டு இருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். வண்டியில ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம், பொண்ணு வீட்லயும் மதிப்பாங்க. சட்டம் எல்லாம் பின்னாடி வர்றவங்க சொல்லுவாங்க.


கறுப்புக்கோட்டு_பாரிமுனை:

ஸ்டிக்கர் யோசனையைத் தள்ளி வை.

லா முடிச்சேன்னு சொன்னியே, பார் கவுன்சில்ல வக்கீலா பதிவு, அதான் என்ரோல், பண்ணினியா? பண்ணிட்டு முழுநேரச் சம்பளத்துல இருக்கேன்னா பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்து பிராக்டிஸை நிறுத்தி வச்சிருக்கணும். விதி 49. அதைச் சரி பண்ணாம எந்த சேம்பர் படியும் ஏறாத.

நான் ரயில்வே பேனல்ல இருக்கிறவ. ரயில்வே க்ளெய்ம்ஸ் டிரிப்யூனல் சென்னை பெஞ்ச், அங்க தோத்தா ஹைகோர்ட்ல சி.எம்.ஏ.ங்கிற அப்பீல், இதுதான் என் பொழப்பு. நீ எதுக்காக கலர் அடிக்கிறன்னு உனக்கு யாரும் உக்கார வச்சு சொல்லியிருக்க மாட்டாங்க. அங்கருந்தே ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்காவுல மத்த தொழிலாளிக்கு வேலையில அடிபட்டா, பொதுவா யார் தப்புன்னு பார்க்காம ஒரு தொகை வந்துடும். ரயில்வே தொழிலாளிக்கு அந்த வழி கிடையாது. அவருக்குன்னு 1908லயே தனிச் சட்டம் போட்டாங்க, ஃபீலான்னு சுருக்கமா சொல்லுவாங்க. கம்பெனி அலட்சியமா இருந்துச்சுன்னு அவர் நிரூபிக்கணும். நிரூபிச்சுட்டா அந்தச் சட்டத்துல உச்சவரம்பு இல்லை, ஜூரி போடுறதுதான் தொகை. நிரூபிக்கிறதும் பெரிய மலை இல்லை. 2011ல சி.எஸ்.எக்ஸ். எதிர் மெக்பிரைட் வழக்குல, காயத்துக்குக் காரணமானதுல கம்பெனியோட அலட்சியத்துக்கு எவ்வளவு சின்னப் பங்கு இருந்தாலும் போதும்னு அங்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆக, "எங்க மேல தப்பே இல்லை"ன்னு நின்னு ஜெயிக்கிறது கஷ்டம். டிபென்ஸ் வக்கீல் வேற மூணு பக்கம் போவார். நோய் வேற எதுலருந்தோ வந்தது. வழக்கு காலம் கடந்து வந்தது. உங்க தப்பும் இருக்கு, அதனால தொகையைக் குறைக்கணும். உன் பச்சை, சிவப்பு, மஞ்சள்.

சிவப்புக்கு மூலம் 1949ல வந்த யூரி எதிர் தாம்ஸன். மிசௌரி பசிபிக் ரயில்வேல சுமார் 30 வருஷம் நீராவி எஞ்சின்ல பயர்மேனா இருந்தவர். சக்கரம் வழுக்காம இருக்க தண்டவாளத்துல மணல் தூவுவாங்களே, அந்த மணல் போடுற சாமான் கோளாறாகி தூசி எல்லாம் உள்ள ஏறி, அவருக்கு சிலிகோசிஸ், மணல் தூசியால வர்ற நுரையீரல் நோய். எந்தத் தேதியில மூச்சுல போச்சுன்னு கேட்டா மனுஷன் என்ன சொல்லுவான்? நோய் வெளிப்பட்டதுல இருந்துதான் காலக்கெடு ஓடும்னு கோர்ட் சொல்லிடுச்சு. தொழிலாளிக்குக் கிடைச்ச பெரிய தீர்ப்பு. அதையே திருப்பிப் பிடிச்சு, "சரி, உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"ன்னு டிபென்ஸ் கேக்க ஆரம்பிச்சுது. நீ கண்டுபிடிச்ச நர்ஸ் வரி அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

மஞ்சளுக்கு 2003ல வந்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் எதிர் ஏயர்ஸ் தீர்ப்பைப் படிச்சுப் பாரு. கல்நார் நோய் வந்த ஆறு பேர். புற்றுநோயும் வந்துடுமோன்னு அவங்களுக்கு இருக்கிற பயத்துக்கும் நஷ்டஈடு உண்டு, அந்தப் பயம் உண்மையானதா, தீவிரமானதா இருக்கணும், அவ்வளவுதான்னு சொன்னாங்க. அதுல மூணு பேருக்கு சிகரெட் பிடிச்சதுக்காக ஜூரி தொகையைக் குறைச்சுது. கவனி, கேஸ் போகலை, தொகைதான் குறைஞ்சுது. பச்சை நீ நினைக்கிற அளவு வெட்டாது. வேற இடத்துலயும் கல்நார் சுவாசிச்சார்னு காட்டினாலும், ரயில்வே முழுசா கொடுத்துட்டு மத்த கம்பெனிக்காரன்கிட்ட அதுவா போய் வசூல் பண்ணிக்கட்டும்னு அதே தீர்ப்பு சொல்லுது.

டீசல் புகைன்னா இன்னும் ருசியான சண்டை. அமெரிக்க ரயில்வே ஊழியர்கள் சுமார் 55,000 பேரை வச்சு 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு. வண்டியில வேலை பார்த்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சாவு 40 சதவீதம் அதிகம்னு அதுல இருக்கு. வேலை பார்த்த வருஷம் கூடக் கூட அந்த ஆபத்து கூடலைன்னும் அதுலயே இருக்கு. ஒரே பேப்பர்தான். தொழிலாளி வக்கீல் முதல் வரியைப் படிப்பார், டிபென்ஸ் ரெண்டாவது வரியைப் படிக்கும். இந்த மாதிரி இடம்தான் எனக்கு இந்தத் தொழில்ல பிடிச்சது. இங்க எனக்கு அது கிடைக்கிறதே இல்லை, ஏன்னா நம்ம ஊர் ஆட்டம் வேற.

டிரிப்யூனலுக்கு வர்றது பயணிங்க கேஸ், தொழிலாளிங்க கேஸ் இல்லை. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 124ஏ. ஓடுற வண்டியிலருந்து பயணி விழுந்தா ரயில்வே தப்பு பண்ணுச்சா இல்லையாங்கிற கேள்விக்கே இடம் இல்லை, கொடுத்தாகணும். தற்கொலை, தானே வேணும்னு பண்ணிக்கிட்ட காயம், குற்றச் செயல், குடிபோதை இல்ல புத்தி பிசகு, இயற்கையான நோய், இந்த அஞ்சுல ஒண்ணை நாங்க காட்டினாத்தான் தப்பிக்கலாம். 2008ல பிரபாகரன் விஜயகுமார் வழக்கு வந்ததுக்கு அப்புறம், கிளம்பின வண்டியில ஓடி ஏறினார், அஜாக்கிரதைங்கிற பேச்செல்லாம் எடுபடாது. படிக்கட்டுல தொங்கினார்னு சொன்னாலும் அதே கதைதான். நம்ம பீச் – தாம்பரம் லைன்ல காலையில எட்டரைக்குப் படிக்கட்டுல தொங்காம எப்படிப் போறதுன்னு பெஞ்சே திருப்பிக் கேக்கும்.

அப்போ சண்டை எதுல? அவர் பயணியா, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவரா. அவ்வளவுதான் கேஸ். கடந்தவர்னா ஒரு பைசா கிடையாது.

ஒரு கட்டு எப்படி இருக்கும்னு சொல்றேன், எல்லாம் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். மேல ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ, இன்ன கிலோமீட்டர் கல் பக்கத்துல ஆண் உடல்னு. அடுத்து ரயில்வே போலீஸ் எஃப்.ஐ.ஆர்., இயற்கைக்கு மாறான சாவுக்குப் போடுற பிரிவு, பழைய சட்டத்துல 174, இப்ப 194. பிரேத விசாரணை அறிக்கை. போஸ்ட்மார்ட்டம். கடைசியா டி.ஆர்.எம்., அதாவது கோட்ட ரயில்வே மேலாளர், ரிப்போர்ட். எஃப்.ஐ.ஆர்.ல "இருப்புப்பாதையைக் கவனக்குறைவாகக் கடக்கும்போது"ன்னு ஒரு வரி இருக்கும். குடும்பத்துல யாரையும் விசாரிக்கிறதுக்கு முன்னாடியே போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் எழுதுற வரி அது, கை பழக்கம். டி.ஆர்.எம். ரிப்போர்ட் அதைப் பார்த்து எழுதினது. எங்க எதிருரை டி.ஆர்.எம். ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதினது. யாருமே பார்க்காத ஒரு சம்பவத்தை மூணு பேர் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதி, அது சாட்சியம்னு ஆகி நிக்கும்.

நான் அந்த வரியை விட்டுட்டு மத்ததைப் பார்ப்பேன். உடல் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுலயா, ஓரத்து ஜல்லியிலயா? அடிச்ச வண்டியோட லோகோ பைலட் அடுத்த ஸ்டேஷன்ல சொன்னாரா, இல்ல விடியக்காலையில தண்டவாளத்தைச் சோதிக்கிற கீமேன் நடந்து போகும்போது பார்த்தாரா? சட்டைப்பையில என்னென்ன இருந்ததுன்னு பட்டியல் எங்க? டிக்கெட் இல்லைங்கிறதை மட்டும் வச்சு இப்ப ஒண்ணும் நடக்காது. 2018ல ரினா தேவி தீர்ப்பு வந்த பிறகு, பயணம் பண்ணினார்னு குடும்பம் அஃபிடவிட் போட்டா, இல்லைன்னு காட்டுற பாரம் எங்க தலையில. சீசன் டிக்கெட்னா அடையாள அட்டை நம்பர் இருக்கும். செல்போன்ல எடுத்த டிக்கெட்னா போன் நொறுங்கிப் போனாலும் பதிவு எங்ககிட்டயே இருக்கும். கேட்டு வாங்கிப் பார்க்கணும். பார்க்கிற வக்கீல் குறைச்சல்.

பொய்யும் வரும், அதையும் சொல்லணும். டிக்கெட்ல அச்சான நேரம் மெமோவுல இருக்கிற நேரத்துக்கு அப்புறமா இருந்ததை நானே பார்த்திருக்கேன். மெமோ போட்ட பிறகு வாங்கின டிக்கெட் எப்படிய்யா பையில வந்துச்சு? அந்த மாதிரி கேஸ்ல நான் விட்டுக் கொடுக்கிறதில்லை.

இனி அம்மா கேட்டது. சாவுன்னா தொகை 2017 ஜனவரி 1லருந்து எட்டு லட்சம். அதுக்கு முன்னாடி நாலு. பேரம் கிடையாது, குறைப்பு கிடையாது. அமெரிக்காவுல டிபென்ஸ் வக்கீல் சிகரெட்டைக் காட்டி கொஞ்சம் சீவிட்டு, மிச்சத்தைக் கொடுக்க வச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். இங்க சீவ ஒண்ணும் இல்லை. எட்டு லட்சம், இல்லைன்னா பூஜ்யம். நான் ஜெயிச்சா அந்தம்மா வெறுங்கையோட பஸ் ஏறும். இது உறுத்தாதுன்னு உங்கம்மாகிட்ட பொய் சொல்லாத. உறுத்தும். அதனாலதான் எதைக் காட்டி ஜெயிக்கிறோம்ங்கிறதுல நான் கறாரா இருக்கேன். ரைட்டர் வரியைக் காட்டி ஜெயிக்கிறதுல எனக்கு இஷ்டம் இல்லை, டிக்கெட் நேரத்தைக் காட்டி ஜெயிச்சா ராத்திரி தூக்கம் வருது.


பெரம்பூர்_பிட்டர்:

வக்கீலம்மா சொன்னது பயணிக்கு. எங்களை மாதிரி உள்ள வேலை பார்த்தவன் கதையையும் தம்பி கேட்டுக்கட்டும்.

நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல பிட்டர். நீராவி எஞ்சின் ஓவராலுக்கு வந்த காலத்துல சேர்ந்தவன். கொதிகலன் மேல இருக்கிற தகட்டைக் கழட்டினா உள்ள கல்நார் பூச்சு, வருஷக்கணக்கா வெந்து அப்பளம் மாதிரி இருக்கும். சுத்தியால தட்டினா பொலபொலன்னு கொட்டும். புதுசு பூசறதுக்கு மூட்டையைப் பிரிச்சு டிரம்முல தண்ணி ஊத்திக் கையாலயே பிசைவாங்க. மூஞ்சியில துண்டு கட்டிக்கிட்டா அவன் சாமர்த்தியசாலி. கூரையிலருந்து வெயில் விழுற இடத்துல பார்த்தா காத்துல பஞ்சு மின்னும். அதுக்குக் கீழதான் டிபன் கேரியரைத் திறப்போம்.

இப்ப எங்க செட்டுல பாதிப் பேர் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில பார்த்துக்கலாம். ரிட்டயர் ஆனவங்க மருத்துவ அட்டை கையில இருக்கு, மருந்து இலவசம், குறை சொல்ல மாட்டேன். மூச்சு வாங்குதுன்னா பம்ப் கொடுப்பாங்க, பீடி உண்டான்னு கேப்பாங்க. என்ன வேலை பார்த்தேன்னு என்னை யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவுல நர்ஸ் எழுதின ஒரு வரியால ஒருத்தன் கேஸ் போச்சுன்னு சொல்றியே தம்பி, எங்க அட்டையில அந்த வரியை எழுதவே ஆள் இல்லை. எழுதியிருந்தா போடுறதுக்கு கேஸாவது இருந்திருக்கும்.

வக்கீலம்மா, இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா, இல்ல அமெரிக்காவோட சரியா?


கறுப்புக்கோட்டு_பாரிமுனை:

இருக்கு ஐயா. 1923ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல மூணாவது அட்டவணைன்னு ஒண்ணு, அதுல தொழில் நோய்ங்க பட்டியல். 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்தோட இடத்துக்கு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சு, அதுலயும் மூணாவது அட்டவணைதான் இந்தப் பட்டியல். சிலிகோசிஸ், கல்நார் நோய் ரெண்டும் பேர் போட்டே இருக்கு. ரயில்வே ஊழியர்ல நிரந்தர ஆபீஸ் வேலைக்காரங்களைத் தவிர்த்து மத்தவங்க அந்தச் சட்டத்துக்குள்ள வருவாங்க, ஒர்க்ஷாப் ஆளுங்க தாராளமா வருவாங்க. 1995ல சுப்ரீம் கோர்ட் கல்நார் தொழிற்சாலைங்களுக்குப் போட்ட உத்தரவுல, ஒவ்வொரு தொழிலாளியோட உடல்நலப் பதிவேட்டையும் வேலையில சேர்ந்த நாள்லருந்து 40 வருஷம், இல்ல ரிட்டயர் ஆகி 15 வருஷம், எது பிந்தினதோ அது வரைக்கும் வச்சிருக்கணும்னு இருக்கு. இந்த நோய் தலைகாட்டவே 20, 30 வருஷம் ஆகும், அதனால போட்ட கணக்கு அது.

ஆனா இந்த அட்டவணையை வச்சு ரயில்வே ஒர்க்ஷாப் ஆள் ஒருத்தர் போட்ட கேஸ் ஒண்ணுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. நீங்க சொன்ன காரணம்தான். மருந்து ஓசியில கிடைக்குது, யாரும் காரணம் கேக்கறதில்லை. அடுத்த தடவை போகும்போது நீங்களே சொல்லுங்க: "லோகோ ஒர்க்ஸ், கொதிகலன் வேலை, கல்நார் தூசி, இத்தனை வருஷம்"னு. டாக்டர் ஓ.பி. சீட்டுல எழுதுற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. நெஞ்சுக்கு சி.டி. எடுக்கச் சொல்லுங்க, சாதா எக்ஸ்ரேல ஆரம்பநிலை தெரியாமப் போகலாம். சர்வீஸ் ரெஜிஸ்டர் நகல் கேட்டு ஆர்.டி.ஐ. போடுங்க. இழப்பீடு கேக்க காலக்கெடு ரெண்டு வருஷம், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினா மன்னிக்கவும் இடம் இருக்கு. நான் ரயில்வே பேனல்ல இருக்கிறதால உங்களுக்காக ஆஜராக முடியாது. வேற ஆளைப் பாருங்க, யூனியன் ஆபீஸ்ல விசாரிச்சாலே சொல்லுவாங்க.


ராத்திரி_ஷிப்ட்_தரமணி:

மேடம், ரொம்ப நன்றி. என்ரோல்மென்ட் இன்னும் பண்ணலை, அதனால விதி 49ல மாட்டலை. பிட்டர் ஐயா, நீங்க டாக்டர்கிட்ட போகும்போது சொல்லுங்க, துணைக்கு வர்றேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டு படிக்கிறது ஒண்ணுதான் எனக்கு உருப்படியா தெரியும், எதை எழுதணும்னு பக்கத்துல இருந்து சொல்லுவேன்.

மேடம், சேர்றதுக்கு முன்னாடி அந்த சீனியர்கிட்ட என்ன கேக்கலாம்? மூஞ்சிக்கு நேரா "நீங்க எப்படி ஜெயிப்பீங்க"ன்னு கேக்க முடியுமா?


கறுப்புக்கோட்டு_பாரிமுனை:

கேக்காத, துரத்தி விட்ருவார். "சார், நீங்க போட்ட எதிருரை ரெண்டு கொடுங்க, படிச்சுப் பார்க்கிறேன்"னு பவ்யமா கேளு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. பேர், தேதி, கிலோமீட்டர் கல் தவிர மத்ததெல்லாம் வரி மாறாம ஒரே மாதிரி இருந்தா வேற சேம்பர் தேடு. ரெண்டும் வேற வேற ஆளைப் பத்தினதுன்னு படிக்கும்போதே தெரிஞ்சா, பெட்ரோல் காசுக்கே போ.

அங்க உன் தேதிவாரி அட்டவணைதான் உன் மூலதனம். மெமோ எத்தனை மணி, வண்டி அந்த ஸ்டேஷனைத் தாண்டினது எத்தனை மணி, டிக்கெட் எத்தனை மணி, ஆஸ்பத்திரியில சேர்த்தது எத்தனை மணி, எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டு வாதத்துக்கு முன்னாடி சீனியர் கையில கொடு. பேனல்ல பல பேர் அதைப் போடுறதில்லை. கலர் பேனாவையும் எடுத்துட்டுப் போ, சேம்பர்ல வாங்கித் தர மாட்டாங்க.

பீஸ் பில் பாஸ் ஆக மாசக்கணக்கு ஆகும், வீட்ல முன்கூட்டியே சொல்லி வை. முதல்ல என்ரோல்மென்ட் பாரம் வாங்கு, அப்புறம் பார் தேர்வு பாக்கி இருக்கு, அதை மறந்துட்டு நிறைய பேர் வந்து நிக்கிறாங்க.